முடிக்காரியின் கணக்கு

பொன்னுருவி என்று கேட்டால்
பெகுவில் ஒருவருக்கும் தெரியாது.
முடிக்காரி என்றால்
ரயில்வே கேட் நாய்கூட வழி காட்டும்.

சைக்கிள் கேரியரில் தராசு.
ஹேண்டில்பாரில் பண்டமாற்றுக்கு வாளி, பூப்போட்ட தட்டு.
"ஸபின் வேமே..." என்று கூவுவேன்.
என் பர்மியக் குரலில் தமிழ் இழுவை இருக்கிறதாம்,
பிள்ளைகள் பின்னால் ஓடிவந்து கூவிக் காட்டும்.

சீப்பில் சுருட்டியது,
சுவர் இடுக்கில் செருகியது,
மழைக்குப் பயந்து மூங்கில் குழாயில் அடைத்தது
எல்லாம் வீசைக் கணக்கில் வாங்குகிறேன்.
வாங்குவது முடி.
பார்ப்பது அடுப்பை.

ஓர் இழையை நகத்துக்கும் விரலுக்கும் நடுவே
இழுத்தால் போதும்.
முட்டையும் குளத்து மீனும் விழுந்த வீட்டு முடி
சுருண்டு, திரும்பி வரும்.
வெறும் சோறும் உப்பும் தின்ற முடி
சத்தமில்லாமல் அறும்.
காய்ச்சலில் கிடந்த மாதம்
நுனியிலிருந்து ஒரு சாண் உள்ளே
மெலிந்து நிற்கும். மறைக்க முடியாது.

பொடுகுக்கு எலுமிச்சையைத் தேய்த்துத் தேய்த்து
மண்டையைப் புண்ணாக்கிக்கொண்ட போலீஸ்காரர் மனைவியிடம்
விட்டுவிடு அம்மா என்றேன்.
"முடி விற்கிறவளா டாக்டர்?"
விற்கவில்லை, வாங்குகிறேன் என்றேன்.

இன்று சர்க்கரை ஆலைப் பாதையில்
மா ந்வே யி கூப்பிட்டாள்.
மடியில் மூன்று மாதப் பிள்ளை.
கொண்டையை அவிழ்த்தாள்,
முழங்கால் வரை வந்து விழுந்தது.
"அடியோடு வெட்டிக்கொள். பால் பவுடர் வாங்கணும்."

சீப்பை வைத்தேன்.
கையோடு கொத்தாக வந்தது.
அவள் முகம் போன போக்கு.

பயப்படாதே,
பெற்றவள் தலை மூன்றாம் மாதம் உதிரத்தான் செய்யும்,
வேர் தூங்குகிறது, சாகவில்லை.
என்ன சாப்பிடுகிறாய்?
சுட்ட கருவாடு, சோறு.
முட்டை ஆகாதாம், கீரை குளிர்ச்சியாம்,
மாமியார் சொன்னாளாம்.
தலையில் தண்ணீர் பட்டு எத்தனை நாள்?
அவள் விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள்,
பாதியில் நிறுத்திவிட்டாள்.

வகிடு பிரித்தால் அடை அடையாக.
வாசலிலேயே கின்புன் காய் ஊறவைத்தேன்,
தயோ பட்டையைத் தட்டிப் போட்டுக் காய்ச்சினேன்.
கின்புன் வேறொன்றும் இல்லை, நம் சீயக்காய்தான்,
இந்த ஊரில் பெயர் மாற்றிக்கொண்டு இருக்கிறது
என் பிள்ளைகளைப் போல.
வெதுவெதுப்பில் ஊற்றி, நகம் படாமல்,
விரல் நுனியால் மட்டும்.
கண்ணை மூடிக்கொண்டாள்.
பிள்ளை என் தராசுத் தட்டில் தூங்கியது.

மாமியார் எட்டிப் பார்த்தாள்.
வேலியில் நின்ற முருங்கையைக் காட்டினேன்.
"அது மாட்டுக்கு" என்றாள்.
மாட்டின் முடி எப்படி மின்னுகிறது பார் என்றேன்.
சிரிக்கவில்லை. ஆனால்
போகும்போது ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு போனாள்.

வெட்டவில்லை.
அடுத்த மழைக்குள் எடை கூடும், அப்போது தருவாய்
என்று இருபதாயிரம் ஜாட் முன்பணம் வைத்தேன்.
வியாபாரம்தான், இரக்கம் இல்லை
என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நோட்டில் எழுதும்போது கை நின்றது.
பயிர் மேல் கடன் கொடுத்து
வயலை எடுத்துக்கொண்டவர்கள் என்று
என் மொழிக்காரர்களுக்கு இங்கே
ஒரு பழைய பெயர் உண்டு.
பெயர் எழுதினேன். தொகை எழுதினேன்.
ஈடு என்ற இடத்தில்
தலை என்று எழுத வரவில்லை.

பாலம் தாண்டும்போது
துணிக்குள் என் மண்டை அரித்தது.
காலையிலிருந்து தேநீர் மட்டும்தான்.
வண்டியை நிறுத்தி
அவித்த வாத்து முட்டை இரண்டு வாங்கினேன்.
உப்பு வேண்டுமா என்றான்.
பதில் சொல்வதற்குள்
ஒன்று வாய்க்குள் போய்விட்டது.