எட்டுப் பேர், 550 கிலோ

லிப்ட் பழுதுபார்ப்பது என் வேலை.
பினாங்கில் எந்த அடுக்குமாடிக்குப் போனாலும்
உள்ளே இருக்கும் தகட்டைத்தான் முதலில் படிப்பேன்,
ஆட்களின் முகத்தை அப்புறம்.
எட்டுப் பேர் என்று எழுதியிருந்தால்
பத்துப் பேர் ஏறுவார்கள்,
ஒருவர் தோளில் அரிசி மூட்டையும் இருக்கும்.

ஜெலுத்தோங் மீன்கடையில் பூன் கியாட்டும்
முதலில் அதைத்தான் கேட்டார்.
தொட்டி எத்தனை லிட்டர்?
கைகளை விரித்துக் காட்டினேன்.
கை வேண்டாம், அளவு சொல்.
ஓரடி நீளம், முக்காலடி அகலம்,
உயரமும் முக்காலடி.
கால்குலேட்டரைத் தட்டினார்.
கல்லும் மணலும் போகப் பதின்மூன்று என்றார்,
கடன் மறுக்கும் வங்கிக்காரர் குரலில்.

லோகேஸ் அதற்குள் தங்கமீன்களிடம் போயிருந்தான்.
என் மனைவியின் அண்ணன் மகன், ஒன்பது வயது.
இரண்டு வாரம் தங்க வந்தார்கள்.
இது எட்டாவது மாதம்.
அது இருக்கட்டும்.

தாக் போலே, என்றார் பூன் கியாட்.
இன்றைக்குக் கட்டைவிரல்,
அடுத்த தீபாவளிக்கு உள்ளங்கை,
பிறகு தன் கழிவையே குடித்துக்கொண்டு
திரும்ப முடியாமல் நிற்கும்.
நியோன் என்றால் ஆறு பேராவது வேண்டும்,
தனியே விட்டால் பயத்தில் வெளிறிப்போகும்,
ஆறு பேர் ஓடுவதற்கு உன் தொட்டியில் சாலை ஏது?
கப்பியைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.
பின்னால் நின்ற மனைவியைக் கூப்பிட்டு
மூன்று முப்பதான கதையை அவளையே சொல்லச் சொன்னார்.

கண்ணாடியில் வாயை ஒட்டித் தொங்கிய
கறுப்பு மீனைக் காட்டினான் லோகேஸ்.
ஈக்கான் பண்டாராயா. நகராண்மை மீன்.
அழுக்கைத் தின்னும் என்று நம்பி வாங்குவார்கள்,
முழங்கை நீளம் வளர்ந்ததும்
ராத்திரியில் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோவார்கள்.

கடைசியாகச் சுவரோரம் கூட்டிப்போனார்.
கண்ணாடிக் குவளைகள், நடுவே அட்டைத் தடுப்பு.
ஓர் அட்டையை உருவியதும்
நீலம் செவுளை விரித்துக்கொண்டு
பக்கத்துச் சிவப்பை முறைத்தது.
ஈக்கான் லாகா. சாத்து சாஜா.
ஒன்றே ஒன்று, வேறு யாரும் கூடாது.

"அதுக்கு மட்டும் தனி வீடா?"
லோகேஸ் என்னைப் பார்த்துக் கேட்டான்.
எங்கள் கூடத்தில், சோபாவுக்கும் டிவிக்கும் இடையில்
மூன்று பேர் படுக்கிறார்கள்.
நடுவில் இவன்.
ஒருவர் திரும்பினால் மூவரும் திரும்ப வேண்டும்.

அன்றைக்கு மீன் தரவில்லை.
முதலில் தண்ணீரை வளர்த்துவிட்டு வா,
மூன்று வாரம், என்று அனுப்பிவிட்டார்.
மூன்று வாரமும் ஷூ அலமாரி மேல்
ஆளில்லாத தண்ணீர் முணுமுணுத்தது.
"நல்ல மீன், தீனியே கேட்கல," என்றார் மச்சான்,
கேட்டதும் அவர் மனைவி
சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.
லோகேஸ் கார் நிறுத்துமிடத்தில்
உதிர்ந்த கெத்தாப்பாங் இலைகளில்
புழு அரிக்காத ஒன்றைத் தேடி,
கழுவி, காயவைத்து, உள்ளே விட்டான்.
தண்ணீர் தே ஓ நிறத்துக்கு வந்தது.
காலையில் எழுந்ததும்
பல் துலக்காமல் அதைப் போய்ப் பார்ப்பான்.

நான்காவது சனிக்கிழமை, பதினேழு வெள்ளி, நீலம்.

எங்கள் பிளாக்கில் இரண்டு லிப்ட், ஒன்று எப்போதும் ஓடாது
(என் கம்பெனி ஒப்பந்தம் இல்லை).
மாலை ஏழு மணிக் கூட்டம்.
நெருக்கி ஏறினோம், மணி அலறியது.
கடைசியாக ஏறியவனை எல்லாரும் பார்த்தார்கள்.
லோகேஸ் பிளாஸ்டிக் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
"இது கனமே இல்ல," என்றான்.
அரைக் கிலோ. எனக்குத் தெரியும்.
நான் எண்பத்து மூன்று.

வெளியே இறங்கினேன், அலறல் நின்றது.
மூடும் கதவிடுக்கில்
பைக்குள் ஒரு வால் விரிந்து மடங்கியது.

பதினோரு மாடி.
ஏழாவதில் கைப்பிடியைப் பிடித்து
மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறேன்.
மேலே எங்கோ கதவு திறக்கிறது.
ஓடும் செருப்புச் சத்தம்,
பிறகு, தண்ணீர் சிந்திவிடுமோ என்று
மெதுவாகும் செருப்புச் சத்தம்.