தொண்ணூற்றிரண்டும் எண்பத்தேழும்

பண்ணாரி செக்போஸ்ட்டில்
காலை ஆறுக்குக் கட்டையைத் தூக்கினார்கள்.
என் குட்டியானையில் பதினெட்டு மூட்டை மல்லி மொக்கு,
சத்தியமங்கலத்துத் தோட்டங்களில் மூன்று மணிக்குப் பறித்தது,
ஈரச் சாக்குக்குள் வாய் இறுக்கிக் கிடந்தது.
மைசூர் போய்ச் சேரும்வரை
அது திறக்கக் கூடாது, எஞ்சின் கொதிக்கக் கூடாது.
என் பிழைப்பு அவ்வளவுதான்:
இரண்டு சூட்டுக்கு நடுவில் ஸ்டியரிங் பிடிப்பது.

சமவெளியில் ஃபேனுக்கு வேலையில்லை.
அறுபதில் போனால் காற்றே வந்து
ரேடியேட்டரின் விலாவைத் தடவிவிட்டுப் போகும்.
மலையில்தான் வெசனம்.
முதல் கியர், ஆள் நடக்கிற வேகம்,
காற்று அடிவாரத்திலேயே இறங்கிக்கொள்ளும்.
அப்போது தொண்ணூற்றிரண்டில்
சென்சார் சொல்ல, ரிலே டக்கென்க,
ஃபேன் எழுந்திருக்கும்.
எண்பத்தேழில் படுத்துக்கொள்ளும்.

போன மாசம் ஒயர் மாற்றிய
சென்னியப்பனிடம் கேட்டேன்:
தொண்ணூற்றிரண்டில் ஓடுவது
தொண்ணூற்றிரண்டிலேயே நிற்கட்டுமே,
அஞ்சு டிகிரி எதுக்கு வீணாக?
டேப்பைப் பல்லால் கடித்தபடி சொன்னான்:
"ஒரே நம்பருன்னா, அக்கா,
போடும் நிறுத்தும், போடும் நிறுத்தும்,
ரிலே கருகிப் போயிருமுங்க.
சித்தெ எடம் உடோணும்."
டேஷ்போர்டுக்கு அடியில்
வீட்டு லைட்டுக்குப் போடுகிற வெள்ளைச் சுவிட்ச் ஒன்றையும்
திருகி வைத்தான்.
ஒரு சமயத்துக்கு ஆகும் என்றான்.

பதினோராம் வளைவில் வந்தது அந்தச் சமயம்.
கரும்பு லாரி குறுக்கே சிக்கியிருந்தது.
முன்னால் பதினாலு வண்டி. பொறகால எண்ணவில்லை.
எஞ்சின் என் சீட்டுக்கு அடியில்;
முள்ளுக்கு முன்னால் என் தொடைக்குத் தெரியும்.
ஃபேன் சத்தம் இல்லை.
முள் சிவப்பைத் தொட இன்னும் ஒரு நூல்.
அணைக்கவும் பயம்.
அணைத்தால் தண்ணி ஓட்டம் நின்று
உள்ளே இருக்கிற சூடு தலைக்கு ஏறும்.

அப்போது வாசம் வந்தது.
முதலில் மெலிசாக, சாக்கின் ஓரத்து ஒரே மொக்கு.
பிறகு ஒரு மூட்டையே கொட்டாவி விட்டதுபோல.
முன்வண்டிக்காரர் இறங்கி நின்று
"அடடா, என்ன மணம்" என்றார்.
எனக்கு அது
கிலோவுக்கு இருநூறு குறைகிற மணம்.

தடவித் தடவிச் சுவிட்சைப் போட்டேன்.
தூக்கத்தில் உலுக்கப்பட்டவன் மாதிரி
ஃபேன் ஒரு முறை உறுமி, சுற்றியது.

அங்கிருந்து திம்பம் வரை
பதினாறு வளைவுக்கும் நானே சென்சார்.
முள் ஏறினால் போட்டேன், அசைந்தால் நிறுத்தினேன்,
போட்டேன், நிறுத்தினேன்,
இருபதாவது வளைவில் விரல் காய்ந்தது,
ஹாரன் சத்தம் தேய்ந்து பேட்டரி அழுதது.
அதற்கப்புறம்தான் அந்த அஞ்சு டிகிரியைக்
கையால் விட ஆரம்பித்தேன்.

நடுவில் நாலு தடவை போன்.
வண்டிக் கடனில் பாதிக்குக் கையெழுத்துப் போட்டவள், வடிவாம்பாள்.
நேற்று டீசல் கணக்கில்
அவள் ஒன்று சொல்ல நான் ஒன்று சொல்ல
ரெண்டு பேர் வாயும் கருகியிருந்தது.

திம்பத்தில் ஓரம் கட்டினேன்.
எஞ்சினை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் ஓடவிட்டேன்.
டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்:
"வண்டிய நிறுத்திட்டீங்க, உள்ள எதோ சுத்துதே?"
சுத்தட்டுமுங்க என்றேன்.
போன் மறுபடி அடித்தது.
முள்ளைப் பார்த்தேன்.
முழு டம்ளரையும் குடித்து முடித்தேன்.
சுவிட்சை நிறுத்தினேன், காட்டுக்குள் ஏதோ குருவி கேட்டது,
அதற்கப்புறம் நானே அவளைக் கூப்பிட்டேன்.

"மூணு மூட்டை அவிழ்ந்து போச்சு, வடிவு" என்றேன்.
கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
"சாம்ராஜ்நகர்ல மாலை கட்டறவங்க கேப்பாங்க" என்றாள்,
"பாதி விலைக்காச்சும் தள்ளிரு.
சென்சார் என்ன வெலையாம்?"