ம மட்டும்

புதன்கிழமை. பன்னிரண்டுக்கு ராகு காலம்.
பதினொன்றே காலுக்கு வந்து உட்கார்ந்தார்கள்
அண்ணன்மார் இருவர், தங்கை ஒருத்தி,
காங்கயம் சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே
எங்கள் பத்துக்குப் பத்து அறையில்.
விடுதலைப் பத்திரம்.
புஞ்சை ஒரு ஏக்கர் நாற்பத்திரண்டு சென்ட்,
கிணற்றில் மூன்றில் ஒன்று, வண்டித்தடப் பாத்தியம்.
எழுத்தர் பழனிவேலப்பன் சொல்லச் சொல்ல
திரையைப் பார்க்காமல் அடிப்பவள் நான்.
யளனகபகவில் தேய்ந்த விரல்கள்,
தொண்ணூற்றெட்டில் தமிழ் ஹையர்.
புள்ளியை முன்னால் அடித்து
எழுத்தைப் பின்னால் அடிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

மகன் என்று அடித்தேன்.
ம்நு என்று நின்றது.
மகள் என்று அடித்தேன். ம்நி.
கடன் எதுவும் இல்லை என்ற வரியில்
ககரத்துக்குப் பதிலாக,
ஏறி உட்கார எழுத்தில்லாமல்
வெறும் புள்ளி ஒன்று.

பலகையைக் கவிழ்த்துத் தட்டினேன்.
பொரி விழுந்தது, தலைமுடி விழுந்தது,
ஒரு ஸ்டேப்ளர் பின்.
ஒயரைப் பிடுங்கிச் செருகினேன்.
அணைத்துப் போட்டேன்.
ஈரோட்டுக்காரருக்குப் போன் செய்தால்
"போர்டு போயிருக்குமுங்க, புதுசு நானூத்தம்பது."
ஜெராக்ஸ் கடையில் இரவல் வாங்கி மாட்டினேன்.
புதுப் பலகை. அதே ம்நு.

"ஏனுங், நேரமாகுதல்லொ?"
"சித்தெ இருங்."

தங்கை எழுந்து என் பின்னால் வந்து நின்றாள்.
பாவாத்தாள், ஐம்பத்தைந்து இருக்கும்,
சேலையில் தேங்காய்ப் பருப்புக் களத்து வாசம்.
"இதென்னுங் கண்ணு, ம்நி?"
"மகள்னு அடிச்சதுங்கக்கா."
"என்னையவா?"
சிரித்தாள்.
பிறகு சிரிக்காமல்
இன்னொரு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

ஒவ்வொரு விசையாக அழுத்தி
முத்திரைத்தாள் உறையின் பின்பக்கம் எழுதினேன்.
யகரம் இருந்த வீட்டில் அ.
ளகரத்தின் வீட்டில் இ. னகரத்தின் வீட்டில் உ.
வலது நடுவிரலுக்கடியில்
ம மட்டும் ம.
கெட்டுப்போன பலகை
இத்தனை ஒழுங்காகக் கெடாது.

போன வாரம் கொழுந்தனார் கல்யாணம், மூன்று நாள் லீவு.
என் நாற்காலியில் தரணீஷ்,
தமிழ் தொண்ணூற்றொன்பது தவிர வேறு தெரியாத பையன்.
அவன் தட்டச்சைப் போட்டவன் எடுக்காமல் போயிருக்கிறான்.
சுண்டுவிரல் ஷிப்டிலும் கட்டைவிரல் ஆல்ட்டிலும்
தெரியாமல் சேர்ந்து விழுந்தால் போதும்,
சத்தமில்லாமல் அக்கட்டத் தாண்டிவிடும்.
கடிகாரத்துக்குப் பக்கத்தில் பார்த்தாலும் தெரியாது.
இரண்டுக்கும் பெயர் தமிழ்தான்.

விண்டோஸ் விசையோடு ஸ்பேஸைத் தட்டினேன்.
பட்டியல் எழுந்தது. என்னுடையதைத் தொட்டேன்.
மகன், மகன் ஆனான்.
மணி பன்னிரண்டு நாலு.

"ராவுகாலம் பொறந்துருச்சு" என்றார் மூத்தவர்,
என்னைப் பார்த்தல்ல, திரையைப் பார்த்து.
ஒன்றரைக்கு மேல் அதிகாரி சாப்பாடு,
அப்புறம் டோக்கன் கிடையாது.
பாவாத்தாள் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டாள்.
"நாளைக்கு வாரனுங்க."

வியாழன் வரவில்லை.
வெள்ளி, இளைய அண்ணன் மட்டும் வந்து
வாசற்படியில் செருப்பைக் கழற்றாமல் நின்று
"அவ வந்தாளுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.
நாலு பக்கமும் அச்செடுத்துத் தட்டில் இருக்கிறது.
மகள் பதினோரு இடத்தில் வருகிறது.
எண்ணிப் பார்த்தேன், எல்லாம் சரியாக.

செட்டிங்கில் தரணீஷின் தமிழ் மேல் அம்பை வைத்தேன்.
நீக்கு என்றிருந்தது.
அடுத்த மாதம் மீண்டும் லீவு வேண்டும், பல் பிடுங்க.
ஆல்ட் ஷிப்ட் குறுக்குவழியை மட்டும் அடைத்தேன்.
இனி இரண்டும் இருக்கும்,
கூப்பிடாமல் எதுவும் வராது.

ஆனாலும் காலையில் விளக்குப் போட்டதும்
முதலில் ஒரு க அடித்துப் பார்க்கிறேன்.
ம அடித்தால் தெரியாது.
அது யார் வந்தாலும்
ம் என்றே சொல்லும்.