இயன்ற வரை

டிசம்பர். டாலின் நகரத்தில் மூன்றரை மணிக்கே
ஜன்னலில் வந்து ஒட்டிக்கொண்டது இருட்டு.
நான்காம் மாடியில் ஊர்வே லீவக்
சட்ட வரைவின் பதினேழாம் பக்கத்தில் நிற்கிறாள்.
நிதி அமைச்சகம் போய்வந்த பிரதி.
ஒரே ஒரு திருத்தம், சிவப்பில்கூட இல்லை,
பணிவான சாம்பல் எழுத்தில்:
‘அரசு சதுப்பு நிலங்களைப் பாதுகாக்கும்’
என்ற இடத்தில்
‘அரசு சதுப்பு நிலங்களை இயன்ற வரை பாதுகாக்கும்.’

இரண்டு சொற்கள்.
ஒரு லாரி நுழையும் அகலம்.

அவளுக்குப் பழக்கமான சொற்கள்தாம்.
ஒன்பது வருஷம் முன்பு வனச் சட்டத்தில்
அவளே தன் கையால் செருகியவை.
அன்று மசோதா நிறைவேறியாக வேண்டியிருந்தது.
நிறைவேறியது.
கேக் வெட்டினார்கள்.
அதன்பின் அந்தக் காட்டுப் பக்கம்
அவள் போகவில்லை.

திருத்தம் போட்ட தாவோவைத் திட்டவும் முடியவில்லை.
நல்லவன். மதியச் சூப்பில் பாதியை
அவளுக்கு ஊற்றித் தருகிறவன்.
அவன் அட்டவணைக்கு நான்கே கட்டங்கள்,
கட்டத்துக்கு ஒரு வருஷம்.
பீட் வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும் என்றாள்.
‘அப்படியானால் நான்கு மில்லிமீட்டர்,’ என்றான்,
‘இதை நான் எந்தப் பத்தியில் எழுத?’
கேலி இல்லை. நிஜமாகவே
பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டான்.

பிறகு அந்தக் கருத்துக்கேட்பு.
பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடம், மடக்கு நாற்காலிகள்,
கூடைப்பந்து வளையத்தின் கீழே ஒலிபெருக்கி.
ஹாலிரபாவில் பீட் அள்ளும் இயந்திரம் ஓட்டும்
ஸினாயிதா எழுந்தாள். கையுறையைக் கழற்றவில்லை.
‘எனக்குப் பாசியோடு பகை கிடையாது.
நீங்கள் நிறுத்தச் சொல்லும் திங்கட்கிழமை
காலை ஆறு மணிக்கு
நான் எங்கே போவது?
இதில் எந்தப் பிரிவு அதைச் சொல்கிறது?’

ஊர்வே புரட்டினாள். மறுபடி புரட்டினாள்.
எரிசக்திக்கு ஓர் அத்தியாயம், சாலைக்கு ஒன்று,
வேலைவாய்ப்புக்கு ஒன்று;
எல்லாவற்றுக்கும் பின்னால்
விருந்துக்குத் தாமதமாக வந்தவனுக்கு
வாசலோரம் போட்ட முக்காலி மாதிரி
சுற்றுச்சூழல்.

அன்றிரவு அந்த அத்தியாயத்தை அழித்தாள்.

அழித்ததைத் தூக்கி எறியவில்லை.
சாலையில் ஒரு வரி வைத்தாள்.
வரிவிதிப்பில் இரண்டு.
வேலைவாய்ப்பில், வடிகால் வெட்டிய அதே இயந்திரத்துக்கு
வடிகால் அடைக்கும் கூலி.
சமையலில் உப்பு இருக்கும் விதமாக இருக்கட்டும்,
இலையின் ஓரத்தில் வேண்டாம்.

‘இயன்ற வரை’யை மட்டும் விட்டுவைத்தாள்.
அதன் கீழே ஒரு வாக்கியம்:
‘இயலாது எனக் கூறும் அதிகாரி
அந்நிலத்தில் நின்று, காரணம் எழுதி,
தம் பெயரைக் கையொப்பமிட வேண்டும்.’

‘அந்நிலத்தில் நின்று’ என்பதைச்
சட்டத்துறை உடனே அடித்துவிட்டது.
பெயர் தப்பிவிட்டது, இதுவரை.
தாவோ ஐந்தாவதாக ஒரு கட்டம் வரைந்திருக்கிறான்.
அதற்குள் ஒரு கேள்விக்குறி.
அமைச்சர் அதை அச்சுப்பிழை என்று நினைத்தார்.

வாக்கெடுப்பு மார்ச்சில். தோற்கவும் தோற்கலாம்.

ஞாயிறன்று பேருந்து பிடித்து ஹாலிரபா போனாள்.
முன்னோட்டமாக அடைத்த ஒரே ஒரு வடிகால்.
பலகைக்கு இந்தப் பக்கம் தண்ணீர்
ஒரு சாண் ஏறி, மேலே மெல்லிய பனித்தோல்.
அந்தப் பக்கம் ஸினாயிதாவின் இயந்திரம்
தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது,
சாவி யாரிடம் என்று தெரியவில்லை.

ஊர்வே பூட்ஸ் காலைப் பாசியில் வைத்தாள்.
கால் இறங்கியது.
எவ்வளவு என்று குனிந்து பார்த்தாள்:
ஏறக்குறைய நூறு வருஷம்.
பதறிக் காலை எடுத்தாள்.