அட்டை இல்லாத புத்தகம்

விற்காத புத்தகத்தின் அட்டையைக் கிழித்துக்
கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிவிட்டு
உடம்பைக் குப்பையில் போடவேண்டும்.
ஆர்விட்டின் அப்பா நடத்திய மருந்துக்கடையில்
அதுதான் விதி.
தலையில்லாமல் கிடந்ததை
ஆர்விட் கிளறி எடுத்து வந்தான்
இருமல் மருந்து வாசனையோடு.
தலைப்பு இல்லை. எழுதியவர் யாரோ.
முதல் வரி மட்டும் முழுசாக இருந்தது:
"கிணறு வற்றிய அன்று
அம்மா மேசையில் ஒரு தட்டு கூடுதலாக வைத்தாள்."

எங்களுக்கு அது போதும்.

டுலூத்தில், எண்பத்தொன்று ஜனவரி.
மூக்குமயிர் உறைகிற குளிர்.
உறைந்த ஏரியின்மேல் டுவேனின் மாமா போட்ட
மீன்பிடிக் கொட்டகை. நாலு பலகைச் சுவர்,
மண்ணெண்ணெய் அடுப்பு,
நடுவே பனியில் துளைத்த ஓட்டையில்
சாப்பாட்டுத் தட்டளவு கறுப்புத் தண்ணீர்.
கவிழ்த்த வாளிகளின்மேல்
நானும் லவோனும் ஆர்விட்டும்.
டுவேன்தான் படிப்பான்.
வகுப்பில் ஒரு பத்திக்குள் நாலு தடவை திக்குகிறவன்
அங்கே ஒருநாளும் திக்கியதில்லை.

பன்னிரண்டாம் அத்தியாயம்.
பையன் வற்றிய கிணற்றுக்குள் இறங்குகிறான்.
அடிமண்ணில் காலூன்றி நிற்கும்போது
அந்த மண்ணுக்கும் கீழிருந்து
தட்டுகிற சத்தம். மூன்று முறை.
மரியாதையாக,
விருந்தாளி கதவைத் தட்டுவதுபோல.
குனிந்து, "யாரது?" என்கிறான்.
கீழேயிருந்து அம்மாவின் குரல்:
"எனக்குத் தட்டு வைத்தாச்சா?"

சரியாக அப்போது பனி வெடித்தது.
குளிர் இறுகினால் ஏரி அப்படித்தான் முழங்கும்,
பிறந்ததிலிருந்து கேட்கிறோம், தெரியும்.
தெரிந்தும் லவோன்
ஒரு பூட்ஸை விட்டுவிட்டு ஓடினாள்.
கரைவரை வெறும் சாக்ஸ்.
சுண்டுவிரல் நுனி இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது.
காட்டுவாள், பதக்கம் காட்டுகிற மாதிரி.

பிறகு எத்தனையோ படித்தேன்,
அட்டையிலேயே ரத்தம் சொட்டுகிறவை.
ஒன்றும் தட்டவில்லை.
ஆஸ்பத்திரிச் சலவையறையில், இரவு ஷிப்டில்
டிரையருக்குள் யாருடைய பொத்தானோ மோதும்,
டக், டக், டக்.
தனியாகச் சிரித்துக்கொண்டே
எல்லா விளக்கையும் போட்டுவிடுவேன்.

போன அக்டோபரில்,
செத்தவர் வீட்டுச் சாமான் விற்பனையில்
லவோன் அதைப் பிடித்தாள். ஐம்பது சென்ட்.
அதே முதல் வரி, அதே கூடுதல் தட்டு.
அட்டையோடு!
அட்டையில் ஒரு வாத்து.
சத்தியமாக. குளத்தில் ஒரு வாத்து.
நாற்பது வருஷமாக அந்த முகத்தில்
நாங்கள் என்னென்னவோ வரைந்து வைத்திருந்தோம்.

நேராகப் பன்னிரண்டைப் புரட்டினோம்.
பையன் எங்கும் இறங்கவில்லை.
ஒரு வக்கீல் வருகிறார்,
வேலி எல்லை பற்றிப் பேசுகிறார்,
மீன் சூப் நன்றாக இருக்கிறது என்கிறார்.
பதினாறு பக்கம்.

அரிசோனாவில் ஏசி ரிப்பேர் செய்கிறவனுக்கு
ஸ்பீக்கரில் போன் போட்டோம்.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் வந்தது.
"அந்தப் பக்கமெல்லாம் நம்ம புத்தகத்தில் இல்லை, மார்லிஸ்.
கழன்று போயிருந்தது.
மூணு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீங்க.
நான் என்ன செய்ய?"

அந்தக் குரல், என்றான் ஆர்விட்,
அம்மா குரல் எங்கிருந்து பிடித்தாய்?

டுவேன் அங்கே வெயில் எவ்வளவு என்று சொன்னான்.

அதற்கு முந்தின செப்டம்பரில்தான்
அவன் அம்மா ஒரு பெட்டியோடு
செயின்ட் பால் பஸ் ஏறினாள்.
ஊருக்கே தெரியும், எங்களுக்கும் தெரியும்.
தெரிந்து என்ன,
நாங்கள் கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

லவோன் சட்டென்று ஷூவைக் கழற்றி
போனுக்கு நேராக விரலை நீட்டினாள்.
ஸ்பீக்கருக்குக் கண் கிடையாது என்றான் ஆர்விட்.
"தெரிகிறது, தெரிகிறது" என்றான் டுவேன்
அங்கிருந்து, திக்கித் திக்கி, சிரித்து.

புத்தகம் என் முறைக்கு என்னிடம் வந்தது.
வீட்டுக்கு வந்ததும் அட்டையைக் கிழித்தேன்.
வாத்து குப்பைக்குப் போனது.
பிறகு, ஓரம் பிசிறாமல்,
ஒவ்வொன்றாக,
அந்தப் பதினாறு பக்கங்களையும்.