பத்தொன்பதாம் கேள்வி

பெயர் வேண்டாம் என்றாள் நெஸ்தான்,
பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவள்.
வயதும் எடையும் போதுமாம்.
பதினாறு.
அறுபத்தாறு கிலோ, போட்டி நாளில்.
மற்ற நாள்களில் கேட்காதீர்கள்.
இரண்டுக்கும் நடுவிலுள்ளதை
ஒரு பிளாஸ்டிக் புட்டியில்
இரவெல்லாம் துப்பித் தீர்ப்பேன்.
அதற்கு இந்தத் தாளில் கட்டமில்லை.

குத்தாயிசியில் மூன்று நாளாய் மழை.
கூடத்தின் தகரக் கூரை யாரையும் பேசவிடவில்லை.
வியர்த்த ஜூடோ அங்கியோடு
சுவரோரம் பன்னிரண்டு பேர்,
தொடையில் தாளை வைத்து.
ஒன்று என்றால் ஒருபோதும் இல்லை,
ஐந்து என்றால் எப்போதும்.

'போட்டிக்கு முன் பதற்றமடைவேன்.'
மூன்று.
உண்மையில் பதற்றமில்லை, கொட்டாவி.
பாயில் கால் வைக்கும்வரை
தாடை கழன்றுவிடும்போல அடுத்தடுத்து வரும்.
எதிராளி அதைத் திமிர் என்று நினைப்பான்.
நினைக்கட்டும்.

'தோல்விக்குப் பிறரைக் குறை சொல்வேன்.'
இரண்டு.
த்சோத்னே எட்டிப் பார்த்துச் சிரித்தான்.
நடுவரைத் திட்டி அவன் உதைத்த கதவு
இன்னும் சரியாகச் சாத்துவதில்லை.

'வலியைத் தாங்கிக்கொள்வேன்.'
ஐந்து.
பன்னிரண்டு பேனாவும்
ஒரே பக்கம் சாய்ந்திருக்கும் இதற்கு.

'எதிராளி தட்டியதும் உடனே விட்டுவிடுவேன்.'

ஐந்தைச் சுற்றி வளைத்த கோடு
மூடுவதற்குள் நின்றது.

உடனே.

ஏப்ரல், ருஸ்தாவி, அரையிறுதி.
கோரி ஊர்க்காரன் இராக்லி.
என் கால்கள் அவன் நெஞ்சுக்குக் குறுக்கே,
அவன் கை என் தொடைகளுக்கு நடுவே,
பூட்டு விழுந்துவிட்டது.
மற்றக் கையால் என் கெண்டைக்காலில் தட்டினான்.
கேட்டது.
இன்னொரு தட்டு. அதுவும் கேட்டது.
அதன் பிறகு ஓர் அரை நொடி
என்னுடையது, வேறு யாருடையதுமில்லை,
அதில் என் இடுப்பு இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.
அவன் முழங்கைக்குள்
பிஸ்தா ஓடு பிளக்கும் சத்தம்.

காணொளியில் தெரியவில்லை. நானே ஒன்பது முறை பார்த்தேன்.
பயிற்சியாளர் என் முதுகில் தட்டினார்.
இராக்லி கட்டுப்போட்ட கையோடு வந்து
இடக்கை நீட்டினான்.
'நீ சரியாத்தான் விட்டே,
நான்தான் லேட்டாத் தட்டினேன்' என்றான்.
அவன் திட்டியிருந்தால்
அன்றிரவு தூங்கியிருப்பேன்.

கோபம் என்று சொல்ல முடியாது.
அவனை எனக்குப் பிடிக்கும்.
பசியாக இருக்கலாம், ஆறு நாள் பசி.
அல்லது பசியுமில்லாமல்
அந்த அரை நொடி எப்படியிருக்கும் என்று பார்க்கும் ஆசை.
அது இனித்தது.
இதை எந்த எண்ணுக்குள் அடைப்பது?

பேனா மை அழியாது.
ஐந்தை அரைகுறையாய் விட்டு
நான்கை வட்டமிட்டேன்.

நெஸ்தான் தாள்களை வாங்கிக்கொண்டே வந்தாள்.
என்னுடையதில் விரல் நின்றது.
'பத்தொன்பதில் ரெண்டு வட்டம் இருக்கே,
இப்படியிருந்தா செல்லாது.
எது உன் பதில்?'

மேலே மழை வலுத்திருந்தது.
கேட்கவில்லை என்று
காதைத் தொட்டுக் காட்டினேன்.

கேட்டது.