ப்ளைவுட்டுக்கு அந்தப்பக்கம்

அங்கேரிபாளையம் ரோட்டில்
ஒரே மாடியை ரெண்டாக்கி நிற்கிறது
அரை இஞ்சுப் பலகை.
இந்தப்பக்கம் நான், பில் போடுகிறேன்.
அந்தப்பக்கம்
என் வீட்டுக்காரர் கட்டிங் மாஸ்டராக இருக்கிற
கம்பெனியின் பழைய ஊசி பிரிண்டர்.

சனிக்கிழமை நாலு மணிக்குச் சம்பளச் சீட்டு.
ஒண்ணு என்றால் ஒரு கிள்ளு.
எட்டு பல்லைக் கடிக்கும்.
சைபர் உருளும்.
பேரும் தெரியும்:
ரவி சட்டென்று முடிவான்,
பொங்கியண்ணன் என்று என்னவர் வருவதற்குள்
ஒரு வாய் டீ குடித்துவிடலாம்.

ஒரு வருஷமாக எண்ணி எண்ணிக் கற்றது.
அதற்கு முன்னால்
ரேடியோவை ஸ்டேஷன் இல்லாத இடத்தில் நிறுத்தி
கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிற கரகரப்பையும் கேட்டதுண்டு.
அதில் ஒன்றும் பிடிபடவில்லை.

போன வாரம் அவர் பேருக்குக் கீழே
இன்னொரு வரி.
கழித்தல் கோடு, ஒரே இழுப்பு.
பிறகு ரெண்டு, அஞ்சு,
உருண்ட சைபர் ரெண்டு.

ராத்திரி கவரை நீட்டினார்.
"முழுசா இருக்குது, எண்ணிக்க அம்முணி."
எண்ணினேன்.
முழுசாகத்தான் இருந்தது.
யாரிடம் வாங்கி நிரப்பினார் என்று சொல்ல
எந்த ஊசியும் சத்தம் போடவில்லை.

திங்கட்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம்.
அவருக்குத் தெரியாமல் நான் கட்டுகிற
ஏலச்சீட்டுக் கணக்கை அடிக்க உட்கார்ந்தேன்.
முதல் எண்ணைத் தட்டியதும்
பலகைக்கு அந்தப்பக்கம்
கட்டிங் மிஷின் நின்றது.

கொஞ்சம் பொறுத்து
நாலாக மடித்த பனியன் வேஸ்ட்டை
கீபோர்டுக்கு அடியில் செருகினேன்.